பதின்வயதினரின் வாழ்க்கைக் கதையும் தொடக்கநிலை ஆளுமைக் கோளாறும்: கதையில் எதைப் பார்ப்பது?

நெய்தல் எழுதியது:

வணக்கம். 14 முதல் 17 வயது வரை உள்ளவர்களிடம் ஆளுமைக் கோளாறு (தன்னையும் பிறரையும் பார்க்கும் விதமே நீண்டகாலம் தடுமாறி வாழ்க்கையைப் பாதிப்பது) தலைகாட்டுகிறதா என்று மதிப்பிடும்போது வாழ்க்கைக் கதை நேர்காணலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டான் மெக்காடம்ஸ் இதற்காக வடிவமைத்த கேள்வித்தொகுப்பு பெரியவர்களுக்கானது. அத்தியாயங்கள், உச்சக் காட்சி, தாழ்ந்த காட்சி, திருப்புமுனை, எதிர்காலம் என்று முழுதாகக் கேட்டால் இரண்டு மணி நேரம் போகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை அவ்வளவு நேரம் உட்காராது. எப்படிச் சுருக்குவது? கிடைத்த கதையில் எதைக் கோளாறோடு சேர்த்துப் பார்ப்பது, எதை வயதின் இயல்பு என்று விடுவது? தமிழில் சொன்ன கதைக்கு வெளிநாட்டு மதிப்பெண் முறைகள் செல்லுமா?

கோர்வை எழுதியது:

சுருக்குவதற்கு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் டில்மன் ஹாபர்மாஸ் குழு பயன்படுத்தும் முறை இது. ஏழு சிறு அட்டைகளைக் கொடுத்து, உன் வாழ்க்கையில் மிக முக்கியமான ஏழு நிகழ்ச்சிகளை அட்டைக்கு ஒன்றாக எழுது என்று சொல்ல வேண்டும். எழுதியதை நடந்த வரிசையில் மேசைமேல் அடுக்கச் சொல்லுங்கள். பிறகு, பிறந்ததிலிருந்து இன்றுவரை உன் கதையை ஒரு கால் மணி நேரம் சொல், இந்த ஏழும் அதில் வரட்டும், இப்போது இருக்கும் நீ எப்படி இப்படி ஆனாய் என்று கேட்பவருக்குப் புரியட்டும், அவ்வளவுதான். நடுவில் நீங்கள் பேசக் கூடாது. ம், சொல்லு, என்பதோடு நிறுத்துங்கள். "ஏன் அப்படிச் செஞ்ச?" என்று கேட்டால் காரணம் உங்கள் வாயிலிருந்து பிறக்கும். காரணத்தைத் தானாகவே சொல்கிறதா என்பதுதான் நாம் பார்க்க வந்த விஷயம்.

அட்டை அடுக்கும்போதே கவனிக்க நிறைய கிடைக்கும். ஏழு நிகழ்ச்சி கிடைக்காமல் மூன்றோடு நிற்பது, ஏழும் கடந்த ஆறு மாதத்துக்குள்ளேயே இருப்பது, ஏழிலும் ஒரே ஆள் இருப்பது, இவற்றைக் குறித்துவையுங்கள். ஆனால் அதற்கு மதிப்பெண் போட வேண்டாம்.

வயதின் இயல்பு எது என்பதற்கு ஹாபர்மாஸும் சூசன் பிளக்கும் 2000-ல் எழுதிய கட்டுரைதான் அடிப்படை. கதையின் கோர்வையை நான்காகப் பிரித்தார்கள். முதலாவது கால வரிசை. இரண்டாவது, ஒரு மனித வாழ்க்கை என்றால் அதில் என்னென்ன வரும் என்று அந்தச் சமூகம் வைத்திருக்கும் சட்டகம். மூன்றாவது காரணத் தொடர்பு: இது நடந்ததால் நான் இப்படி ஆனேன். நான்காவது கருப்பொருள்: பல நிகழ்ச்சிகளுக்கு அடியில் ஓடும் ஒரே சரடு. 8, 12, 16, 20 வயதினரை வைத்து 2008-ல் வெளிவந்த ஆய்வில் இந்தத் திறன்கள் வளரிளம் பருவத்தில்தான் படிப்படியாக ஏறுவது தெரிந்தது. 12 வயதுப் பிள்ளை காரணத் தொடர்பே இல்லாமல் "அப்புறம், அப்புறம்" என்று சொன்னால் அது வயது. 17-லும் அதே நிலை என்றால் நின்று பார்க்க வேண்டும். கருப்பொருள் கடைசியில் வருவது. பதினைந்து வயதில் அதை எதிர்பார்த்து, இல்லை என்று எழுதுவது அநியாயம்.

டாக்டர்_வேங்கை எழுதியது:

கோர்வை சொன்னதோடு கண்டறிதல் பக்கத்தையும் சேர்க்கிறேன். இங்கே குழப்பம் அதிகம்.

18 வயதுக்குக் கீழே ஆளுமைக் கோளாறு என்று எழுதவே கூடாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடான டி.எஸ்.எம்-5 அப்படிச் சொல்லவில்லை. அம்சங்கள் குறைந்தது ஓராண்டு நீடித்திருந்தால் எழுதலாம். சமூகவிரோத ஆளுமைக் கோளாறு ஒன்றுதான் 18-க்கு முன் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 பழைய வகைகளை எடுத்துவிட்டு லேசானது, நடுத்தரம், தீவிரம் என்று தீவிரத்தை வைத்துப் பேசுகிறது. வேண்டுமானால் பார்டர்லைன் பாங்கு (உறவும் உணர்ச்சியும் தன்னைப் பற்றிய எண்ணமும் நிலையாக இல்லாதது) என்று கூடுதலாகக் குறிக்கலாம். ஐ.சி.டி-11-ன்படி கோளாறு என்று எழுத இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும். கோளாறு அளவுக்கு வராததற்கு ஆளுமைச் சிரமம் என்று தனி இடம் உண்டு. பதின்வயதில் பல பிள்ளைகளுக்குப் பொருந்துவது அதுதான்.

வாழ்க்கைக் கதை எங்கே நுழைகிறது? டி.எஸ்.எம்-5 மூன்றாம் பகுதியில் உள்ள மாற்று மாதிரி, கோளாறின் மையமாகத் தன்னடையாளம், தன் இலக்கை நோக்கிப் போகும் திறன், பிறர் நிலை உணர்தல், நெருக்கம் ஆகிய நான்கையும் வைக்கிறது. 0 முதல் 4 வரை அளவு; 2 வந்தால் கோளாறின் வாசல். ஹூஸ்டனில் கார்லா ஷார்ப்பின் வாதம் இதை ஒட்டியது. கோபம், தூண்டுதல், பதற்றம் போன்ற குணக்கூறுகள் குழந்தைப் பருவத்திலேயே இருக்கும். நான் யார் என்பதை ஒன்றாகச் சேர்க்கும் வேலை பதின்வயதில்தான் தொடங்குகிறது. அந்த வேலை தடுமாறும்போது கோளாறு உருவெடுக்கிறது. வாழ்க்கைக் கதையும் அதே வயதில்தான் உருவாகிறது என்பதால் ஒன்றை வைத்து இன்னொன்றைப் பார்க்க முடிகிறது.

ஆனால் கதையை மட்டும் வைத்து நோயறிதல் எழுத முடியாது. எழுதுபவர்கள் தவறு செய்கிறார்கள். கட்டமைக்கப்பட்ட நோயறி நேர்காணல், குடும்பத்தாரிடம் தனியாகக் கேட்ட வரலாறு, தன்னடையாளத்துக்கான வினாப்பட்டியல் (12 முதல் 18 வயதுக்கு 58 கேள்விகள் கொண்ட ஐடா இருக்கிறது), இவற்றோடு நான்காவதாகக் கதை வர வேண்டும்.

பள்ளிமணி எழுதியது:

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. பள்ளியில் உட்கார்ந்து கதை கேட்கும் ஆலோசகர் கையில் "கோர்வை குறைவு" என்ற சொல்லைக் கொடுத்தால் அது முத்திரையாகிவிடும். வீட்டில் தினமும் குடித்துவிட்டு அடிக்கும் அப்பா இருக்கும் பிள்ளையின் கதை கோர்வையாக எப்படி வரும்? வீடே கோர்வையாக இல்லையே.

இன்னொன்று. பையன்களை வைத்து கேட் மக்லீன் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், வயது குறைந்தவர்களிடம் கடந்த நிகழ்ச்சியிலிருந்து பொருள் தேடுவது மனநலக் குறைவோடு சேர்ந்து வந்தது. வயது கூடியவர்களிடம் அது நலத்தோடு சேர்ந்து வந்தது. ஆக, பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் "இதிலிருந்து உன்னைப் பற்றி என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று குடைவது உதவியா, சுமையா?

கோர்வை எழுதியது:

பள்ளிமணி மேடம், இரண்டும் நியாயமான கவலை. இரண்டாவதற்கு முதலில் பதில்: 15-க்குக் கீழே அந்தக் கேள்வியை நான் சேர்க்கச் சொல்ல மாட்டேன். தானாகச் சொன்னால் பதிவு செய்யுங்கள், தூண்ட வேண்டாம்.

முதலாவதற்கு: நிகழ்ச்சி எவ்வளவு கொடியது என்பது வேறு, அது சொல்லப்படும் விதம் வேறு. கொடிய நிகழ்ச்சியைக் கோர்வையாகச் சொல்லும் பிள்ளைகள் உண்டு, சாதாரண நட்பு முறிவைச் சொல்ல முடியாமல் திணறும் பிள்ளைகளும் உண்டு. கீழே இருப்பது பயிற்சிக்காக நானே எழுதிய மாதிரி, எந்தப் பிள்ளையின் சொல்லும் இல்லை.

முதல் மாதிரி: *"எட்டாவதுல ஸ்கூல் மாத்துனாங்க. அங்க ஒரு ஃப்ரெண்டு கிடைச்சா. அவதான் எனக்கு எல்லாமே. லீவு முடிஞ்சு வந்து பேசறத நிறுத்திட்டா. ஏன்னு தெரியல. முதல்லருந்தே நடிச்சிருக்கா. என்கூட யாருமே இருக்கமாட்டாங்க, நான் அப்படித்தான்."*

இரண்டாவது: *"லீவு முடிஞ்சு வந்து பேசறத நிறுத்திட்டா. அப்ப ரொம்ப அழுதேன். அவ வேற யார்கூட பேசுனாலும் நான் சண்டை போடுவேன், அது அவளுக்கு கஷ்டமா இருந்திருக்கும்னு இப்ப தோணுது. ஆனா சொல்லாம போனதுக்கு இன்னும் கோபம் இருக்கு."*

எலேன் ரீஸ் குழுவின் முறையில் (2011) சூழல், கால வரிசை, கருப்பொருள் மூன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 3 வரை போடுவோம். முதல் மாதிரிக்குச் சூழல் 2 கொடுக்கலாம், இடமும் காலமும் பொதுவாகவாவது இருக்கின்றன. வரிசை தெளிவு. கருப்பொருளுக்குப் புதியவர் 3 போட்டுவிடுவார், ஏனென்றால் நிகழ்ச்சியைத் தன்னோடு இணைத்து ஒரு முடிவும் சொல்லிவிட்டாள். இங்கேதான் வழுக்குகிறது. "ஏன்னு தெரியல" என்பதற்கு அடுத்த மூச்சிலேயே "முதல்லருந்தே நடிச்சிருக்கா" வருகிறது. தெரியாமை ஒரு நொடிகூட நிற்கவில்லை. நல்லவளாக இருந்தவள் பின்னோக்கியே கெட்டவளாகிவிட்டாள். ஒரு நிகழ்ச்சியிலிருந்து "யாருமே" "அப்படித்தான்" என்று நிலையான தீர்ப்புக்கு ஒரே தாவல். கோர்வை மதிப்பெண் நன்றாக இருந்தும் பொருள் இறுகிப் போயிருக்கிறது. அதனால் கோர்வையை மட்டும் எண்ணினால் தொடக்கநிலை பார்டர்லைன் கதைகள் பல நம் கண்ணில் படாமலேயே போகும்.

இரண்டாவதிலும் அதே வலிதான், கோபமும் தீரவில்லை. ஆனால் தோழியின் மனதுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று ஒரு ஊகம் இருக்கிறது, "தோணுது" என்ற தயக்கத்தோடு. தன் பங்கும் இருக்கிறது, தோழியின் பங்கும் இருக்கிறது. இதைத்தான் தேடுகிறோம்.

ஆக, கோர்வையோடு வேறு மூன்றையும் பாருங்கள். ஏஜென்சி, அதாவது கதையின் போக்கில் தன் கை எங்கேயாவது இருக்கிறதா. உறவுக்கான ஏக்கம் நிறைவேறியதா. நல்லதாகத் தொடங்கிய காட்சிகள் திரும்பத் திரும்பக் கெட்டுப்போய் முடிகின்றனவா. ஜானதன் ஆட்லர் குழு 2012-ல் பார்டர்லைன் அம்சம் உள்ள பெரியவர்களின் கதைகளை ஒப்பிட்டபோது ஏஜென்சியும் கோர்வையும் குறைவாக இருந்தன. உறவைப் பற்றிப் பேசுவது குறையவில்லை, உறவு நிறைவேறுவது குறைந்திருந்தது. அவர்கள் 55 முதல் 64 வயதினர் என்பதை மறக்க வேண்டாம். அந்த எண்களை அப்படியே பதினைந்துக்குக் கொண்டுவரக் கூடாது. பதின்வயதில் இந்த வேலையை மாய்ஸ லிண்டும் ஷார்ப்பும் செய்திருக்கிறார்கள், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் பற்றுறவு நேர்காணல்களின் (பெற்றோரோடு உள்ள பிணைப்பைப் பற்றிக் கேட்பவை) கோர்வையை மதிப்பிட்டு.

நெய்தல் எழுதியது:

மிகவும் பயன்பட்டது. அந்தப் பற்றுறவு நேர்காணலில் அம்மாவோடு உள்ள உறவுக்கு மூன்று சொல் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்ச்சி கேட்பார்கள் இல்லையா? அதைக் கதைக்கு முன்னால் வைக்கலாமா?

கோர்வை எழுதியது:

வைக்கலாம், சிறந்த தொடக்கம். "பாசமா இருப்பாங்க" என்ற சொல்லுக்கு நிகழ்ச்சி கேட்டால் "எப்பவும் பாசமாதான்" என்று வந்தால், சொன்ன சொல்லுக்குச் சான்று கிடைக்காத இடம் அது. மூன்று சொல்லில் ஒன்றுக்காவது தேதி வைத்துச் சொல்லக்கூடிய ஒரு சம்பவம் வருகிறதா பாருங்கள்.

தமிழில் சொல்லும் கதை பற்றிய உங்கள் கேள்வி நின்றுபோனது. ஏஜென்சிக்கு மதிப்பெண் போடும்போது நம் இலக்கணம் ஏமாற்றும். எனக்குக் கோபம் வந்துச்சு, எனக்குப் பிடிச்சுப்போச்சு, மார்க் குறைஞ்சிடுச்சு என்றுதான் எல்லோரும் பேசுவோம். வாக்கியத்தில் "நான்" எழுவாயாக இல்லை என்பதற்காக ஏஜென்சி 0 என்று போட்டால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருமே கோளாறு உள்ளவர்கள் ஆகிவிடுவார்கள். வாக்கியத்தை விட்டுவிட்டு நிகழ்ச்சி முழுவதையும் பாருங்கள்: கோபம் வந்த பிறகு அவன் என்ன செய்தான், வேறென்ன செய்திருக்கலாம் என்று யோசித்தானா? அதேபோல "எங்க வீட்டுல என்னை காமர்ஸ்ல சேத்துட்டாங்க" என்பது நம் ஊர்ச் செய்தி. அதற்குப் பிறகு வருவதுதான் கதை.

சமூகச் சட்டகமும் கவனிக்கத்தக்கது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நீட், கல்லூரி, வேலை, கல்யாணம் என்ற வரிசை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் சொன்னாலே எதிர்காலம் கோர்வையாகத் தோன்றும். ஆகவே எதிர்கால அத்தியாயத்தில் அந்த வரிசையில் இல்லாத, அந்தப் பிள்ளைக்கே உரிய ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். வகுப்பில் ஆங்கிலம் பேசும் பிள்ளை நேர்காணலிலும் ஆங்கிலத்தில் தொடங்கும், நிகழ்ச்சி வறண்டு வரும். "வீட்டுல பேசற மாதிரியே சொல்லு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கலந்து பேசினாலும் சரி.

டாக்டர்_வேங்கை எழுதியது:

கதை சிதறிக் கிடப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றைக் கழிக்காமல் ஆளுமைக்குப் போகக் கூடாது. மனச்சோர்வில் குறிப்பான நினைவு வராது. ஒரு நாளைக் கேட்டால் "எப்பவுமே அப்படித்தான்" என்று வரும், சோர்வு குறைந்ததும் திரும்பக் கேட்டால் மாறலாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய நிலையில் ஒரு பகுதி மட்டும் உடைந்திருக்கும், மற்ற அத்தியாயங்கள் சீராக இருக்கும். ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும்) உள்ள பிள்ளைக்கு நிகழ்ச்சி துல்லியமாக வரும், வரிசைதான் தாறுமாறாகும். அட்டையைக் கையில் கொடுத்தால் சரியாகும். ஆட்டிசத்தில் பிறர் மனம் பற்றிய சொற்கள் குறையலாம், அதைப் பிறர் நிலை உணராமை என்று படித்துவிடாதீர்கள். மொழித்திறன் குறைவு, கேட்கும் குறைபாடு, முந்தின நாள் தூங்காதது, புதிதாகத் தொடங்கிய மருந்து, எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தன்னைக் காயப்படுத்திக்கொண்ட உடனே, அல்லது தற்கொலை எண்ணம் தீவிரமாக இருக்கும்போது வாழ்க்கைக் கதை எடுக்க வேண்டாம். முதலில் பாதுகாப்பு. தாழ்ந்த காட்சியை நடுவில் வையுங்கள். கடைசிக் கேள்வி எதிர்காலம் பற்றியதாக இருக்கட்டும், அதற்குப் பிறகு பத்து நிமிடம் சாதாரணப் பேச்சு. அறையை விட்டுப் போகுமுன் இன்றிரவு யார் கூட இருப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணை எழுதிக் கொடுங்கள், தமிழிலும் பேசலாம்.

தற்கொலை ஆபத்தோடு கதைக்கு நேரடித் தொடர்பும் உண்டு. கனடாவில் மைக்கேல் சாண்ட்லரும் கிறிஸ்டோபர் லலாண்டும் பதின்வயதினரிடம் கேட்டது எளிய கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன்னால் இருந்த நீ எப்படி, இப்போது எப்படி, இவ்வளவு மாறியும் இரண்டும் ஒரே ஆள் என்று எப்படிச் சொல்கிறாய்? தற்கொலை ஆபத்தில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோரால் எந்த விளக்கமும் தர முடியவில்லை. இந்தக் கேள்வியை நேர்காணலில் சேர்க்கலாம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. பதில் வராவிட்டால் அன்றே ஆபத்து மதிப்பீட்டை மறுபடி செய்யுங்கள்.

பள்ளிமணி எழுதியது:

பள்ளியில் கேட்பவர்களுக்குச் சட்டத்தையும் நினைவூட்டுகிறேன். கதையில் பாலியல் வன்முறை வெளிப்பட்டால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் 19-ம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் விட்டால் 21-ம் பிரிவு நம்மேல் பாயும். 18 வயதுக்குக் கீழே என்றால் காதலில் சம்மதத்தோடு நடந்த பாலியல் உறவும் இதில் சிக்கும். "நீ சொல்றது எல்லாம் ரகசியம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், ஏற்கெனவே யாரையும் நம்பாத பிள்ளைக்கு அது இன்னொரு கெட்டுப்போன காட்சி. அட்டையைக் கையில் கொடுக்கும் முன்பே, எதை என்னால் ரகசியமாக வைக்க முடியாது என்று பட்டியலாகச் சொல்லுங்கள். எழுதுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் அறைக்குள் இருக்கக் கூடாது. ஒலிப்பதிவைக் கேட்க அவர்கள் கேட்பார்கள். யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

மருதநிழல் எழுதியது:

மதிப்பீட்டோடு பேச்சு நின்றுவிடக் கூடாது என்பதால் சிகிச்சைப் பக்கம் கொஞ்சம். கதையைச் சிகிச்சையில் எடுப்பதற்கு நான் பார்த்தவரை மிக நல்ல கருவி, அந்தோணி ரைல் உருவாக்கிய கேட் (அறிவாற்றல்-பகுப்பாய்வு) சிகிச்சை முறையின் கடிதம். முதல் சில அமர்வுகளில் கேட்டதை வைத்து நான்காவது அமர்வை ஒட்டிச் சிகிச்சையாளர் ஒரு கடிதம் எழுதி, அந்தப் பிள்ளைக்கே வாசித்துக் காட்டுவார். பிள்ளை திருத்தும். "இது அப்படி நடக்கல" என்று அடித்து எழுதுவது சிகிச்சையின் ஒரு பகுதி. கூடவே ஒரு வரைபடம்: ஒட்டிக்கொள்வது, பயப்படுவது, சோதிப்பது, அவர் விலகுவது, "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று முடிவது, திரும்பவும் ஒட்டிக்கொள்வது. மேலே உள்ள முதல் மாதிரியை இந்த வட்டத்தில் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

கடிதத்தில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சிகிச்சையாளரின் தமிழ் அழகாக இருந்தால் கதை அவருடையதாகிவிடும். பிள்ளை சொன்ன சொற்களையே எடுத்தாளுங்கள். காரணங்களை "இப்படி இருக்குமோ" என்று எழுதுங்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

ஆனால் கதையைச் சீர் செய்தால்தான் நோய் சீராகும் என்று நம்பிவிடவும் கூடாது. மெல்பர்னில் ஆண்ட்ரூ சானென் குழு பார்டர்லைன் கோளாறு உள்ள 15 முதல் 25 வயதினர் 139 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஆராய்ந்தது, 2022-ல் வெளிவந்தது. பார்டர்லைனுக்கான தொடக்கநிலைச் சிறப்புச் சேவையோடு கேட் சிகிச்சை பெற்றவர்கள், அதே சேவையோடு வெறும் நட்புப் பேச்சு பெற்றவர்கள், பொது இளையோர் மனநலச் சேவையோடு நட்புப் பேச்சு பெற்றவர்கள், மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. நம் மாவட்டங்களில் கேட் பயின்றவர் கிடைப்பது அரிது என்பதால் இந்த முடிவு எனக்குப் பெரிய ஆறுதல். சீக்கிரம் கண்டுபிடித்து, ஒரே ஆள் ஒழுங்காகப் பார்த்து, பள்ளியையும் வீட்டையும் சேர்த்துக்கொண்டாலே பாதி வேலை நடக்கிறது.

நெய்தல் எழுதியது:

கடைசியாக ஒன்று. அறிக்கையில் இதை எந்த வார்த்தையில் எழுதுவது?

கோர்வை எழுதியது:

தீர்ப்பாக எழுதாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள். "தன்னடையாளம் சிதைந்துள்ளது" என்பதற்குப் பதில், "ஏழு நிகழ்ச்சிகளில் ஐந்து நட்பு முறிவு பற்றியவை, நான்கில் காரணம் சொல்லப்படவில்லை, ஒன்றில் எதிராளியின் மனநிலை பற்றிய ஊகம் உள்ளது" என்று எழுதுங்கள். அந்த ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள், சிகிச்சையாளர் தொடங்கப்போவது அங்கிருந்துதான். நேர்காணல் தேதி, மொழி, அப்போதைய மனச்சோர்வு மதிப்பெண் மூன்றும் அதே பத்தியில் இருக்கட்டும். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிட்டீர்களா, ஒருவர் மட்டுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதிய அட்டைகளில் மறுபடி எடுங்கள், பழையவற்றைக் காட்டாமல். எந்த நிகழ்ச்சிகள் மாறின என்பதைவிட, இரண்டு முறையும் வந்த நிகழ்ச்சியின் முடிவு மாறியதா என்று முதலில் பாருங்கள்.